படத்தில் லோரி எங்கே நிற்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பினாங்கில் புதிய தொழிற்பூங்கா வரப்போகிறது என்று தங்கள் நாளிதழில் செய்தி வந்தால், எழுத்தைப் படிப்பதற்கு முன் படத்தைத்தான் பார்க்கிறேன். கண்ணாடி முகப்பு இருக்கும், வரிசையாக மரங்கள் இருக்கும், அகலமான வாசல் இருக்கும். லோரி எங்கே நிற்கும் என்று தேடுவேன். அநேகமாக அது மட்டும் தெரியாது.

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், நாற்பது யூனிட்டுகள் கொண்ட ஐந்து மாடித் தொழிற்கூடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் பதினொரு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறேன். பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் மின்னணுப் பலகைகளைப் பொருத்திச் சோதிக்கும் ஜிக்குகளை (பிடிப்புச் சட்டங்களை) அலுமினியத்தில் கடைந்து கொடுப்பது எங்கள் பட்டறையின் வேலை. எட்டுப் பேர் வேலை செய்கிறோம்.

கடந்த நவம்பரில் ஒரு நாள் பிற்பகல், தீவுக்கு அனுப்ப வேண்டிய சரக்கோடு கீழே இறங்கினோம். அடைமழை. கட்டடத்துக்கு மூன்று லோடிங் பே, அதாவது சரக்கு ஏற்றி இறக்கும் இடம், உண்டு. ஆனால் முன்னாலுள்ள தளம் மூன்று டன் லோரிக்கு அளவெடுத்துப் போட்டது. நாற்பது அடிக் கொள்கலனை இழுத்து வரும் லோரி தலையோடு சேர்த்தால் ஏறக்குறைய 16 மீட்டர் நீளம். அன்று அப்படி ஒன்று குறுக்கே நின்றதால் மூன்று இடமும் அடைபட்டுவிட்டது. எங்கள் வேன் வாசல் கேட்டோடு நின்றுவிட்டது. பையன்கள் இருவர் பெட்டிகளின் மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு மழையில் ஓடினார்கள். கூரையின் நீட்டல் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. சாரல் அடித்தால் சுவர்வரை ஈரம். இரண்டு பெட்டிகளில் தண்ணீர் இறங்கி, சரக்கு திரும்பி வந்துவிட்டது. கொள்கலன் லோரியை ஓட்டி வந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் பதினொரு மணிக்கே வந்துவிட்டேன். உள்ளே திருப்பவே ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது" என்றார். அவர்மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்? அந்தத் தளத்தில் இன்னும் ஆறு மீட்டர் கூடுதலாக விட்டிருந்தால் அவர் பதினொன்றேகாலுக்கே சரக்கை இறக்கத் தொடங்கி, நாங்கள் வருவதற்குள் போயிருப்பார்.

அடுத்தது தரை. எங்கள் மாடி ஒரு சதுர மீட்டருக்கு 7.5 கிலோநியூட்டன் தாங்கும் என்று ஆவணத்தில் போட்டிருக்கிறது. பட்டறைக் கணக்கில் அது சுமார் 750 கிலோ. நான் வாங்கிய சிஎன்சி இயந்திரத்தின், அதாவது கணினி சொல்கிறபடி உலோகத்தைக் கடையும் இயந்திரத்தின், எடை நான்கு டன். அது உட்காரும் இடம் நான்கு சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோ ஆகிறது. பொறியாளரை அழைத்து, எடை பரவும்படி கீழே இரும்புத் தகடு போட்டு, உத்திரத்துக்கு மேலாக நகர்த்தி வைத்தோம். இரண்டாவது இயந்திரத்துக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. அது இப்போது மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறொரு கடைவீட்டில் ஓடுகிறது. 'இலகுரகத் தொழில்' என்று எழுதிவிட்டால் இயந்திரம் இலகுவாகிவிடாது.

கழிவுக்கும் இடம் நினைக்கவில்லை. கடைசல் எண்ணெயும் குளிர்விப்பு நீரும் அபாயமானவை என்று விதிமுறை பட்டியலிட்டிருக்கும் கழிவுகள். 2005ஆம் ஆண்டு விதிமுறைப்படி அவற்றை 20 டன்னுக்கு மேற்படாமல், அதிகபட்சம் 180 நாள் வரை முறையாகச் சேமித்து வைக்கலாம். எங்கே வைப்பது? பொதுக் கழிவறை ஒன்றுக்குத் திட்டம் போட்டவர்கள் பொதுக் கழிவுக் கிடங்குக்குப் போடவில்லை. சிலர் டிரம்களை நடைவழியில் வைக்கிறார்கள்; அது தீ விபத்தில் நாங்கள் எல்லோரும் ஓடி இறங்க வேண்டிய வழி. என் பக்கத்து யூனிட்டில் ஓர் அக்கா மசாலாத் தூள் அரைத்து விற்கிறார். எங்கள் எண்ணெய்ப் புகை அவருடைய மல்லித்தூளில் ஏறக்கூடாது என்பதற்காக அவர் கதவிடுக்கில் துணியைச் சுருட்டி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. உணவுத் தொழிலுக்கு ஒரு பக்கம், உலோகத் தொழிலுக்கு ஒரு பக்கம், தனித்தனிப் புகைக்குழாய் என்று வரைபடத்திலேயே பிரித்திருக்கலாம்.

இதையெல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. முடியாது என்பதுதான் என் அனுபவம். யூனிட்டுகள் தனித்தனி உரிமையாளர்களுக்கு விற்கப்பட்ட பிறகு, 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ், முற்றமும் லிஃப்டும் எல்லோருக்கும் பொதுச் சொத்து. கூட்டத்தில் வாக்களிப்பது உரிமையாளர்கள். அவர்களில் பலர் வேறு ஊரில் இருந்துகொண்டு வாடகை வாங்குகிறவர்கள். தினமும் லிஃப்டுக்குக் காத்து நிற்கும் வாடகைக்காரனுக்கு வாக்கு இல்லை. ஆகவே கட்டடம் காகிதத்தில் இருக்கும்போது விட்டால், பிறகு வாய்ப்பே இல்லை.

1969இல் பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்து, 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக வட்டாரத்தைத் தொடங்கியபோது, அப்போதைய முதலமைச்சர் துன் லிம் சோங் யூவின் அரசாங்கம் இன்டெல் போன்ற பெரிய நிறுவனங்களுக்குத் தனித்தனி நிலம் கொடுத்தது. அந்தக் காலத்துக்கு அது சரி. அவர்களுக்குச் சரக்கு கொடுக்கும் சிறு பட்டறைகள் கடைவீடுகளிலும் வரிசைத் தொழிற்கூடங்களிலும் முளைத்தன. இன்று நில விலை எங்களை மாடிக்கு ஏற்றியிருக்கிறது. மாடிக்குப் போவதில் எனக்கு வருத்தமில்லை. சிங்கப்பூரில் ஜேடிசி என்ற அரசுத் தொழில்நில நிறுவனம் கட்டிய சாய்தளத் தொழிற்கூடங்களைப் போய்ப் பார்த்தேன். சிலவற்றில் கொள்கலன் லோரியே மேல்மாடி யூனிட் வாசல்வரை ஏறி வருகிறது. சாய்தளம் இடத்தைத் தின்னும், விற்பதற்கான சதுர அடி குறையும் என்பது உண்மைதான். சாய்தளம் கட்ட முடியாத இடத்தில் போதுமான சரக்கு லிஃப்டுகளாவது வேண்டும். எங்களுக்கு இரண்டு இருக்கின்றன. ஒன்று பெரும்பாலும் பழுது.

தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் இரண்டாம் பாலம் திறந்த 2014க்குப் பிறகு, ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த, எங்கள் செபராங் பிறையின் பத்து காவானில் தொழிற்கூடங்கள் நெருங்கி எழுகின்றன. அங்கே இனி வரப்போகும், பல பட்டறைகள் ஒரே கட்டடத்தில் சேர்ந்து இயங்கும் தொழிற்பூங்காக்களுக்கு ஊராட்சி மன்றம் அனுமதி தருவதற்கு முன், வரைபடத்தை எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கும், மசாலா அரைக்கும் அந்த அக்காவுக்கும், லோரி ஓட்டுநர்கள் சிலருக்கும் ஒரு முறை விரித்துக் காட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை என்றாலும் வருகிறோம். அளவு நாடாவை நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
இயந்திரப் பட்டறை நடத்தும் வாசகர்,
செபராங் பிறை, பினாங்கு