கடைமடையிலிருந்து கமலாவுக்கு

அன்புள்ள கமலா,

நான் நலம். நீ நலமில்லை என்று உன் மகள் போனில் சொன்னாள். அதனால் விசாரிப்பை இத்தோடு நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

புது ஆற்றுத் தண்ணீர், அதுதான் கல்லணைக் கால்வாய்த் தண்ணீர், எங்கள் ஊர்க் குளத்தில் இறங்கிவிட்டது! ஜூன் 12 மேட்டூரைத் திறந்தால் நாலு நாளில் கல்லணை வந்துவிடும். அங்கிருந்து கால்வாயின் கடைசிக் கோடியான பேராவூரணிப் பக்கத்துக் கடைமடைக்கு வருவதற்குள் எங்களுக்குக் கண் பூத்துப்போகும். வந்தாலும் குளத்துக்குள் ஏறாது. வரத்து வாய்க்கால் முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கு அடைத்துக் கிடந்தது. இந்த வருடம் ஏறியது. நாங்கள் வெட்டிய வாய்க்கால்.

‘நீயா மண்வெட்டி பிடித்தாய்’ என்று சிரிப்பாய். சிரி. நீ சிரித்தே நாளாகிறது என்றுதான் உன் மகள் சொல்கிறாள்.

கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு போன கதை உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வீட்டுக்குள் நடந்தது தெரியாது. 2018 நவம்பர் 16 காலையில் என் வீட்டுக்காரர் வரப்பில் போய் நின்றார். அவரே குழி வெட்டி வைத்த மரங்கள் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. வீட்டுக்கு வந்து கால் கழுவினார். சாகும்வரை தோப்புப் பக்கம் போகவில்லை. கணக்கு எழுத வந்தவர்களுக்கு நான்தான் மரங்களை எண்ணிக் காட்டினேன். அவர் போன பின், அவர் பேசாமல் விட்டதெல்லாம் என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. தஞ்சாவூரில் டாக்டரைப் பார்த்தேன். மாத்திரையில் தூக்கம் வந்தது. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். விழித்திருக்கும் நேரம்தான் அப்படியே இருந்தது.

மாசி முடிவில் மேலத்தெரு அத்தாச்சி வாசலில் வந்து நின்றார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. “குளத்துக்குள் பொக்லைன் இறங்கிவிட்டது. மதகுப் பக்கம் அது நுழையாது. சட்டி மாற்ற ஆள் போதவில்லை, வருகிறாயா?” என்றார். போனேன்.

மதகடிச் சேற்றைப் பார்த்திருக்கிறாயா? மேலே காய்ந்து வெடித்திருக்கும். ஒரு வெட்டுக்குக் கீழே கறுப்பாக, சில்லென்று, நத்தை ஓடும் அழுகிய வேரும் கலந்த வாசத்தோடு இருக்கும். அதை அள்ளி அள்ளிக் கை மாற்றினோம். ஒரு நாள் பக்கத்தில் நின்ற பெண், “எங்கள் தோப்பில் ஒன்றுகூட நிற்கவில்லை, அக்கா” என்றாள், திடீரென்று. எனக்கு வாய் திறந்துகொண்டது. அவர் கால் கழுவியதைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வரிசை நிற்கவில்லை. அவள் என் சட்டியை வாங்கி அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு, “எங்கள் அப்பாவும் அப்படித்தான்” என்றாள். அடுத்தவள், “எங்கள் மாமனாரும்” என்றாள்.

கமலா, அத்தனை வீட்டிலும் அதே துக்கம். ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டு வைத்திருந்தோம். ஊருக்கே விழுந்த அடி, என் ஒருத்தி வீட்டுக்குள் எப்படி ஆறும்?

இயற்கையிடம் போனால் மனம் ஆறும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். தோப்பைச் சாய்த்த காற்றும் இயற்கைதானே? வேப்ப மரத்தடியில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். விழுந்த தென்னைகள்தான் கண்ணில் நின்றன. நாலு பேரோடு சேர்ந்து இந்த மண்ணுக்கு ஏதோ செய்ய முடிந்தபோதுதான் அதன் மேலிருந்த கோபம் போனது. ஆமாம், கோபம். எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கரையில் நாவலும் மருதும் இலுப்பையும் வைத்திருக்கிறோம். நாவலை ஆடு கடித்து, அதற்கு ஒரு பஞ்சாயத்தே நடந்தது, நேரில் சொல்கிறேன். பரிமளா மகன் கல்யாணம் வைகாசியில் முடிந்தது. நீ வராததற்கு அவளே உன்னிடம் சண்டை போடட்டும்.

பணி ஓய்வுக்குப் பிறகு நீ மூன்றாம் மாடியை விட்டு இறங்குவதே இல்லையாம். காரணம் கேட்கமாட்டேன். ஆடிப்பெருக்கு வரை காத்திருக்காதே. உழவன் எக்ஸ்பிரஸில் ஏறு, தஞ்சாவூரில் இறங்கிப் பட்டுக்கோட்டை பஸ் பிடி. பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். டாக்டர் கொடுத்த மாத்திரை எதையும் நிறுத்தாமல் கையோடு கொண்டு வா. தென்கரையில் வேலை பாக்கி இருக்கிறது, ஆள் வேண்டும். அந்தப் பச்சைக் குடையும் வேண்டும்.

உன்
வசந்தா