‘லி’ என்ற வாலை நம்பாதே மகள்

அன்பு மகள்,

மருத்துவத் துறையினருக்கான ஓஈடி ஆங்கிலப் பரீட்சைக்கு என்று நீ எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பின பயிற்சிக் கடிதத்தை நேற்று இரவே வாசித்தேன். நோயாளியின் வரலாறு, மருந்து, அளவு எல்லாம் ஒழுங்காக வந்திருக்கு. ஆனால் வினையடைகளில், அதாவது அட்வேர்ப்களில், தடுக்கியிருக்கிறாய், அதுதான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன், இது கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டிய விஷயம்.

‘ஹி ட்ரைட் ஹார்ட்லி டு வோக்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த ஐயா எழும்பி நடக்கக் கடுமையாக முயன்றார் என்றுதானே சொல்ல வந்தாய்? ஹார்ட்லி என்றால் கிட்டத்தட்ட இல்லை என்ற அர்த்தம். வாசிக்கிற டொக்டர், இந்த ஆள் முயற்சியே எடுக்கவில்லை போல என்று நினைத்தால் பிசியோவுக்கு அனுப்புகிற முடிவே மாறிப்போகலாம். அங்கே வர வேண்டியது வெறும் ஹார்ட், ‘ஹி ட்ரைட் ஹார்ட்’. ஃபாஸ்ட்டும் அப்படித்தான், ஃபாஸ்ட்லி என்று ஒரு சொல்லே இல்லை. லேட் என்றால் பிந்தி, லேட்லி என்றால் அண்மைக்காலமாக.

இங்கே மட்டக்களப்பில் ரியூசனுக்கு வருகிற பிள்ளைகளும் இதில்தான் விழுகிறார்கள். வாலில் ‘லி’ இருந்தால் அட்வேர்ப் என்று கோடு போட்டுவிட்டுப் போவார்கள். அப்படிப் பார்த்தால் நீ நாள் முழுக்க எழுதுகிற எல்டர்லி என்ன? ‘எல்டர்லி பேஷன்ட்’ என்றால் அது பெயரடை. ஃபிரெண்ட்லி, லோன்லி எல்லாம் அந்தக் கூட்டம்தான். டெய்லி இரண்டு பக்கமும் நிற்கும்: ‘டெய்லி டோஸ்’ என்றால் பெயரடை, ‘ட்வைஸ் டெய்லி’ என்றால் வினையடை.

அதனால் சொல்லின் வாலைப் பார்க்காதே மகள், அது எந்தச் சொல்லோடு ஒட்டி நிற்கிறது என்று பார். ‘ஹெர் லெஃப்ட் ஃபுட் இஸ் ஸ்லைட்லி ஸ்வொலன்’ என்று நீயே அழகாக எழுதியிருக்கிறாய், அதில் ஸ்லைட்லி எதைப் பற்றிச் சொல்கிறது? காலைப் பற்றி இல்லை, எவ்வளவு வீங்கியிருக்கு என்று. பெயர்ச்சொல்லை விபரித்தால் பெயரடை. வினையையோ, பெயரடையையோ, இன்னொரு வினையடையையோ, சில நேரம் முழு வசனத்தையுமோ விபரித்தால் வினையடை. எப்படி, எப்போது, எங்கே, எத்தனை தரம், எவ்வளவு என்று கேட்டுப் பார், விடை அந்தச் சொல்லில் கிடைத்தால் பெரும்பாலும் அதுதான்.

‘வென்ட் டு ஹோம்’ என்றும் ஒரு இடத்தில் கண்டேன். அங்கே ஹோம் எங்கே என்பதற்கு விடை சொல்கிற வினையடை, அதற்கு முன்னால் டு வராது.

ஒன்லி விஷயத்தில் இன்னும் கவனம் வேணும். நாம் ‘இரவில் மட்டும்’ என்று சேர்த்துச் சொல்லிவிடுவோம், குழப்பம் வராது. நீ எழுதின ‘ஷி ஒன்லி டுக் பரசிட்டமோல் அட் நைட்’ என்பதில் இரவில் மட்டும் குடித்தாரா, அந்தக் குளிசை மட்டும்தான் குடித்தாரா என்று தெரியவில்லை. ஒன்லியைக் கொண்டுபோய் ‘அட் நைட்’டுக்கு முன்னால் வை, எவருக்கும் சந்தேகம் வராது. மருந்து விஷயம், இதில் அலட்சியம் கூடாது.

இந்த மூன்று வசனத்தையும் திருத்திவிட்டு அடுத்த கடிதத்தை எழுது. எழுதுவதற்கு 40 நிமிசம்தான் தருவார்கள், அதில் கடைசி ஐந்து நிமிசத்தை வினையடைகளைத் தேடிப் பார்க்கவென்றே வைத்துக்கொள். இரவு டியூட்டி முடிந்த கையோடு படிக்க உட்காராதே, படுத்து எழும்பிவிட்டுப் படி.

அன்புடன்,
அப்பா
களுவாஞ்சிகுடி