காபிக் கொட்டை விலையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓட்டல்களில் காபி விலை மறுபடியும் ஏறியதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பால் விலை, சிலிண்டர் விலை, ஆள் கூலி என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருந்தார் உங்கள் நிருபர். காபித்தூளுக்கு மட்டும் ஒரே வரி: 'தூள் விலையும் உயர்ந்துள்ளது.' ஏன் உயர்ந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. தண்டையார்பேட்டையில் காபிக் கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடை நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்த கடை. அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு தினமும் கல்லாவில் நின்றபடி பதில் சொல்பவள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

"இன்னாக்கா, போன மாசம் ஒரு வெல, இந்த மாசம் ஒரு வெலயா? இஷ்டத்துக்குப் போடுறியே" என்பார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், மார்க்கெட்டில் கடை போடும் பெண்கள், சின்ன மெஸ் நடத்துபவர்கள். வழக்கமாகக் கால் கிலோ வாங்குகிற வீட்டிலிருந்து இப்போது நூறு கிராம் கேட்டு வருகிறார்கள். "பிரேசில்ல சரியா மழை இல்லம்மா" என்று சொன்னால் சிரிக்கிறார்கள். பிரேசிலில் மழை பெய்யாததற்கும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு கடையில் விலை ஏறுவதற்கும் என்ன சம்பந்தம்? கேட்பது நியாயம்தானே. நான் விற்கும் கொட்டையும் பிரேசிலிலிருந்து வருவது கிடையாது. குடகு, சிக்மகளூர் சரக்கு. கொஞ்சம் ஏற்காட்டுச் சரக்கு.

ஆனால் சம்பந்தம் இருக்கிறது. இந்தியாவில் விளையும் காபியில் சுமார் 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைகிறது. அடுத்தது கேரளம், அதிலும் வயநாடு. நம் தமிழ்நாட்டின் பங்கு கொஞ்சம்தான். நாட்டின் மொத்த விளைச்சலில் பெரும்பகுதி இங்கே தங்குவதில்லை, இத்தாலி, ஜெர்மனி, ரஷ்யா என்று கப்பல் ஏறிவிடுகிறது. அந்த நாட்டுக்காரர்கள் கொடுக்கிற விலை கையில் கிடைக்கும்போது, குடகுத் தோட்டக்காரர் தண்டையார்பேட்டைக்காரிக்கு மட்டும் எதற்காகக் குறைத்துத் தருவார்? நானாக இருந்தாலும் தர மாட்டேன்.

உலகச் சந்தையில் விலை பேசப்படுவது இரண்டு ஊர்களில். வாசனைக்குப் பேர்போன அராபிகா ரகத்துக்கு நியூயார்க், பவுண்டு என்கிற எடைக்கு இத்தனை சென்ட் என்று. வழக்கமாக விலை குறைந்த ரொபஸ்டா ரகத்துக்கு லண்டன், டன்னுக்கு இத்தனை டாலர் என்று. காசிமேட்டில் விடிவதற்கு முன்னால் நடக்கும் மீன் ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வஞ்சிரம் கூடை என்ன விலைக்குப் போனது என்பது அங்கே நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும். காபியிலும் ஏலம் மாதிரிதான், ஆனால் படகு கடலுக்குப் போவதற்கு முன்பே மீனுக்கு விலை பேசுவது போல, இன்னும் பறிக்காத கொட்டைக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் ஒரு கொட்டையைக்கூடக் கையில் வாங்கப் போகாத பணக்காரர்களும் உண்டு. பிரேசிலில் உறைபனி விழப் போகிறது என்று ஒரு வானிலைச் செய்தி வந்தால் போதும், அன்றைக்கே விலை குதிக்கும்.

பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. உலகக் காபியில் மூன்றில் ஒரு பங்கு பிரேசிலில் விளைகிறது. 1975 ஜூலையில் அங்கே பரானா மாநிலத்தில் விழுந்த உறைபனியில் காபிச் செடிகள் கருகிப் போயின. 1977இல் விலை உச்சத்துக்குப் போனது. 2021 ஜூலையிலும் உறைபனி, 2024இல் கடும் வறட்சி. அடுத்த பெரிய நாடு வியட்நாம், அங்கே பெரும்பாலும் ரொபஸ்டா. அங்கேயும் வறட்சி. போதாக்குறைக்கு, துரியன் பழத்துக்குச் சீனாவில் நல்ல விலை கிடைக்கிறது என்று நிறையப் பேர் காபிச் செடியைப் பிடுங்கிவிட்டு துரியன் நட்டுவிட்டார்கள். செங்கடலில் தாக்குதல் நடந்ததால் ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனது இன்னொரு கூத்து. எல்லாம் சேர்ந்து, 1977இன் உச்சத்தை 2024 டிசம்பரில் நியூயார்க் தாண்டியது. 2025 பிப்ரவரியில் பவுண்டு 4 டாலருக்கும் மேலே போனது. லண்டனில் ரொபஸ்டா டன் 5,500 டாலரைத் தாண்டி நின்றது. விலை ஏறியதே, இன்னும் கொஞ்சம் செடி நட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. இன்று நட்ட செடி காய்ப்பதற்கு மூன்று நான்கு வருஷம் ஆகும்.

இந்த 4 டாலரை நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். அப்படியானால் கிலோ 8.80 டாலர். டாலருக்கு அப்போதிருந்த சுமார் 86 ரூபாய் வைத்தால் பச்சைக் கொட்டை கிலோ 750 ரூபாய்க்கு மேல். வறுக்கும்போது ஈரம் போய்விடும், ஒரு கிலோ போட்டால் 820, 850 கிராம்தான் வெளியே வரும். அதிலேயே அடக்க விலை 900 ரூபாயைத் தொட்டுவிடுகிறது. லாரி வாடகை, கேஸ், கரண்ட், வறுக்கிற பையனின் சம்பளம், வரி எல்லாம் இதற்கு அப்புறம். ஏற்றுமதித் தரச் சரக்குக்கான கணக்கு இது. நான் எல்லாவற்றையும் அந்த விலைக்கு வாங்குவதில்லை, ரொபஸ்டாவும் கலக்கிறேன். ஆனாலும் ஒரு பிளான்டேஷன் ஏ, ஒரு பீபெரி என்று நல்ல தரக் கொட்டை வாங்கப் போனால் மொத்த வியாபாரி முதலில் பார்ப்பது கைப்பேசியில் நியூயார்க் விலையைத்தான்.

என் உண்மையான வருத்தம் இதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. 2025 பிப்ரவரிக்கு அப்புறம் லண்டன் விலை சரிந்தது. ஜூலையில் ரொபஸ்டா டன் 3,500 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. ஏறும்போது அன்று மாலையே போன் வருகிறது: "அம்மா, நாளையிலேர்ந்து கிலோவுக்கு இவ்வளவு கூட." இறங்கும்போது போனைக் காணோம். நானே கூப்பிட்டுக் கேட்டால், "பழைய விலையில வாங்கின சரக்கும்மா, அது தீரட்டும்." பழைய விலைச் சரக்கு ஏறும்போது மட்டும் எப்படி ஒரே நாளில் தீர்ந்துபோகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சரி, வாதாடலாம் என்றால் என் கையில் ஆதாரம் வேண்டும். அந்த நேரம் பார்த்து ஆகஸ்ட்டில் அமெரிக்கா பிரேசில் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது, நியூயார்க்கில் அராபிகா மறுபடி ஏறியது. நவம்பரில் காபிக்கு அந்த வரியை எடுத்துவிட்டார்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் எது எனக்கு வந்து சேர்ந்தது, எது நடுவில் தங்கிவிட்டது என்று என்னாலேயே சொல்ல முடியாதபோது, என்னிடம் நூறு கிராம் வாங்குகிற அம்மாவுக்கு என்ன தெரியும்? அவர் என்னைத் திட்டுகிறார். நான் திட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா காலத்தில் நிலைமை வேறு. தோட்டக்காரர்கள் விளைந்தது முழுவதையும் மத்திய அரசின் காபி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். வாரியம் ஏலம் விடும், உள்நாட்டுக்கு இவ்வளவு, ஏற்றுமதிக்கு இவ்வளவு என்று பிரிக்கும். 1992இலிருந்து அது படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் தோட்டக்காரர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று ஆனது. உலக அளவிலும் 1962இல் போட்ட ஓர் ஒப்பந்தம் இருந்தது. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு போட்டு விலையைக் கட்டி வைத்திருந்தார்கள். 1989 ஜூலையில் அந்தப் பங்கு முறை முறிந்தது. பழைய முறைதான் நல்லது என்று நான் சொல்லவில்லை. வாரியத்திடமிருந்து பணம் தவணை தவணையாகத்தான் வரும் என்று தோட்டக்காரர்கள் பொருமியதை அப்பா சொல்லியிருக்கிறார். ஆனால் வேலியை எடுத்த பிறகு நடந்ததையும் பார்த்தோம். வியட்நாம் சரக்கு வந்து குவிந்து, 2001இல் நியூயார்க் விலை பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று குடகிலிருந்து வருகிறவர்கள் எங்கள் கடையில் உட்கார்ந்து புலம்புவார்கள். அப்போது எந்த வாடிக்கையாளரும் வந்து "ஏன்க்கா இவ்ளோ குறைவா விக்கிற?" என்று கேட்டதில்லை.

இப்போது நல்ல விலை வந்தால் தோட்டக்காரருக்குக் கிடைக்கட்டும், அதில் எனக்கு வயிற்றெரிச்சல் கிடையாது. குடிக்கிறவருக்கும் அது தாங்காத பாரம் இல்லை. ஒரு தம்ளர் காபிக்குப் பத்து கிராம் தூள் என்று வையுங்கள். தூள் கிலோவுக்கு 300 ரூபாய் ஏறினாலும் தம்ளருக்கு 3 ரூபாய்தான். ஓட்டலில் அதற்கு மேல் ஏற்றினால் மீதிக்கு வேறு காரணம் சொல்ல வேண்டும். என் அண்ணன் மகள் பெரம்பூர் பக்கம் ஒரு மாலில் 250 ரூபாய் கொடுத்து ஒரு காபி குடித்துவிட்டு வந்தாள். அதில் போட்ட கொட்டை அதிகம் போனால் இருபது கிராம், இருபது இருபத்தைந்து ரூபாய் பெறும். மீதி ஏசிக்கும் சோபாவுக்கும்.

அப்புறம் சிக்கரி. இதைச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கு நான் உண்மையாக இல்லை. சிக்கரி என்பது ஒரு வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. டிகாஷனுக்குக் கெட்டியும் நிறமும் தரும், காபியை விட விலை மிகவும் குறைவு. எங்கள் கடையில் எண்பதுக்கு இருபது வேண்டுமா, சிக்கரி இல்லாமல் வேண்டுமா என்று கேட்டு, கண் எதிரே நிறுத்துப் போட்டு அரைத்துத் தருகிறோம். சட்டப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும். ஆனால் அதை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? கொட்டை விலை ஏறும் காலத்தில், விலையை ஏற்றாமல் சிக்கரியை ஏற்றிவிட்டால் வாங்குகிறவருக்குத் தெரியாது. "அந்தக் கம்பெனிக்காரன் ஏத்தவே இல்ல, நீதான் ஏத்துற" என்று என்னிடம் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார் ஒரு பெரியவர். வாங்கிப் பார்த்தேன்: காபி 53, சிக்கரி 47. அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடி போடாமல் வந்திருந்தார், பாவம், எழுத்தும் எறும்பு அளவு.

ஆகவே என் கோரிக்கை. தங்கள் நாளிதழில் தினமும் தங்கம், வெள்ளி விலை போடுகிறீர்கள். கோயம்பேடு காய்கறி விலை, நாமக்கல் முட்டை விலை போடுகிறீர்கள். தமிழ்நாட்டில் காலையில் எழுந்ததும் காபி குடிக்கிற வீடுகள் எத்தனை! காபிக் கொட்டைக்கு அங்கே ஒரு வரி கூடக் கிடையாது. நிருபரை எங்கேயும் அனுப்ப வேண்டாம். பெங்களூரில் இருக்கும் காபி வாரியம் நியூயார்க், லண்டன் விலைகளையும் கர்நாடகத் தோட்ட விலையையும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பவுண்டு, சென்ட், ஐம்பது கிலோ மூட்டை என்று அங்கே இருப்பதை அப்படியே எடுத்துப் போடாமல், கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று மாற்றிப் போட்டால் எல்லோருக்கும் புரியும். அராபிகாவுக்கு ஒன்று, ரொபஸ்டாவுக்கு ஒன்று, பக்கத்தில் போன மாத விலை. தினமும் இடம் இல்லையென்றால் திங்கட்கிழமை மட்டும் போடுங்கள். மொத்த வியாபாரியிடம் போனில் பேசும்போது எனக்கு அது கையில் இருக்கும். என்னிடம் சண்டைக்கு வருகிறவர் கையிலும் அதே பேப்பர் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ம. தனலட்சுமி,
தண்டையார்பேட்டை, சென்னை.