வானியல் ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நம் சங்கம் எடுத்துக்கொண்ட பொருள் அபோபிஸ் என்னும் சிறுகோள் ஒன்றே. 2029-இல் வானிலிருந்து ஒரு பெரிய கல் வந்து விழப்போகிறது என்ற பேச்சு நம் கடலோர ஊர்களில் கைப்பேசி வழியாகப் பரவி, விவரம் கேட்டு நம்மைத் தேடி வந்தவர்கள் பெருகியதால், செயற்குழு மற்ற வேலைகளைத் தள்ளிவைத்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். தொலைநோக்கியின் ஆடி உப்புக்காற்றில் மங்கிவிட்டது. அதற்குப் புதிதாகப் பூச்சிட வேண்டும்.

மண்டபம் முதல் வாலிநோக்கம் வரை பள்ளிகளில் நடத்திய கூட்டங்களில், "ஆபத்து இல்லை" என்று சொல்லி முடித்துக்கொள்வதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தோம். ஆபத்து இல்லை என்பது எப்படித் தெரிந்தது என்பதைச் சொன்னால்தான் அடுத்த வதந்தி வரும்போது பிள்ளைகள் தாங்களே கேள்வி கேட்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள கிட் பீக் வான்காணகத்தில் 2004 ஜூன் 19 அன்று கண்டறியப்பட்ட அபோபிஸ், இரண்டு இரவுகளுக்குப் பின் கைநழுவிப் போய், டிசம்பரில்தான் மீண்டும் அகப்பட்டது. கையிலிருந்த அளவீடுகள் குறைவாக இருந்ததால், 2029-இல் அது பூமியில் மோதும் வாய்ப்பு டிசம்பர் 27 அன்று 2.7 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டது; மோதல் ஆபத்தை 0 முதல் 10 வரை தரம்பிரிக்கும் டொரினோ அளவுகோலில் அது பெற்ற 4 என்ற நிலையை இதுவரை வேறெந்தச் சிறுகோளும் எட்டியதில்லை. ஆழிப்பேரலைக்கு மறுநாள் அது; நம் கரையில் யாரும் அன்று வானத்தைப் பற்றி நினைத்திருக்க முடியாது. அதே நாளில், அவ்வாண்டு மார்ச்சில் எடுத்த பழைய படங்களில் அபோபிஸ் பதிவாகியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, அந்தக் கூடுதல் அளவீட்டால் பாதை தெளிவாகி, 2029 மோதல் இல்லையென்று ஆயிற்று. கோபுரத்தை மட்டும் பார்த்து வலை போட்ட இடத்தைக் குறிப்பதற்கும், கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் சேர்த்துப் பார்த்துக் குறிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னபோது, மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள்.

2021 மார்ச்சில் 1 கோடியே 70 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அது கடந்தபோது, அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன் வானலைக்கூடத்திலிருந்து ரேடார் அலையை அனுப்பி, திரும்பி வந்த எதிரொலியை அந்நாட்டின் கிரீன் பேங்க் வானலைத் தொலைநோக்கியில் வாங்கி, அதன் தொலைவை ஏறத்தாழ 150 மீட்டர் துல்லியத்தில் அளந்தார்கள். அதன்பின் குறைந்தது நூறு ஆண்டுகளுக்கு மோதல் இல்லையென நாசா அறிவித்தது. அதன் சராசரி விட்டம் ஏறக்குறைய 340 மீட்டர், அதாவது பாம்பன் ரயில் பாலத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு. நீள்வாக்கில் 450 மீட்டருக்குக் குறையாத, நிலக்கடலைபோல் நடுவில் ஒடுங்கியிருக்கக்கூடிய பாறை அது. ஒரே அச்சில் சுழலாமல் தள்ளாடிச் சுழல்கிறது. உச்சிவெயிலில் காய்ந்த மணல் பொழுது சாய்ந்த பிறகும் வெப்பத்தை விடுவதுபோல, அதன் பரப்பும் வாங்கிய வெயிலைத் திருப்பி உமிழ்கிறது. அந்த மெல்லிய உந்துதலே அதன் பாதையை ஆண்டுக்குச் சுமார் 170 மீட்டர் நகர்த்துகிறது. யார்க்கோவ்ஸ்கி விளைவு எனப்படும் இதைக் கணக்கில் கொள்ளாமல் தொலைவான ஆண்டுகளுக்குப் பாதை கணிக்க இயலாது.

சூரியனை இப்போது சுமார் 324 நாளில் சுற்றிவரும் அபோபிஸ், 2029-இல் பூமியின் ஈர்ப்பால் பாதை திரும்பி, அதன்பின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 14 மாதம் எடுத்துக்கொள்ளும். தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில், நம் படகுகளுக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களுக்கு மேலாகவும் மாடி டிஷ்ஷுக்குப் படம் அனுப்பும் செயற்கைக்கோள்களுக்குக் கீழாகவும் அது கடக்கும். நிலவு நம் கடலில் ஏற்றவற்றம் உண்டாக்குவதுபோல, பூமியின் இழுப்பு அந்தப் பாறையின் பரப்பைக் குலைக்குமா, சுழற்சியை மாற்றுமா என்று பார்ப்பதற்காகவே ஐரோப்பிய விண்வெளி முகமை ராம்செஸ் என்னும் கலத்தை 2028-இல் ஏவத் திட்டமிட்டுள்ளது. பென்னு சிறுகோளின் மண்ணை 2023-இல் பூமிக்குக் கொண்டுவந்த நாசாவின் கலமும் இப்போது அபோபிஸை நோக்கியே போய்க்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு பிழையைப் பொதுக்குழுவின் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளேன். நாம் அச்சிட்ட துண்டறிக்கையில், அபோபிஸ் மிக நெருங்கும் நேரமான 2029 ஏப்ரல் 14 அதிகாலை 3.16 மணிக்கு அதை நம் கரையிலிருந்து காணலாம் என்று எழுதிவிட்டோம். நேரம் சரி, ஆனால் அந்தக் கணத்தில் அது அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் இருக்கும், நமக்கோ அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். மூத்த உறுப்பினர் ஒருவர் உலக உருண்டையையும் நூலையும் வைத்து இதைச் சுட்டிக்காட்டினார். அவருக்குச் சங்கத்தின் நன்றி. நமக்கு உரிய வேளை அதற்கு முந்தியது: 13-ஆம் தேதி இரவில் அது ஆஸ்திரேலியப் பக்கமிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்காவை நோக்கிச் செல்லும் நேரம். திருத்திய துண்டறிக்கை, பழையது போன பள்ளிகள் எல்லாவற்றுக்கும் கொடுக்கப்பட்டுவிட்டது.

விடிந்தால் சித்திரை முதல் நாள், இரவோ அமாவாசை. நிலவொளியின் தொந்தரவு இல்லை, மன்னார் வளைகுடாப் பக்கம் தென்வானம் தடையின்றித் திறந்து கிடக்கிறது. இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் வழக்கமாக ஏப்ரல் 15-இல்தான் தொடங்குவதால், அன்றிரவு கடலில் இருப்பவர்களும் திசையையும் நேரத்தையும் குறித்துத் தரலாம்.

ஆகவே ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையே விளக்கொளி குறைந்த ஒரு கரையை இவ்வாண்டே தேர்ந்தெடுக்கவும், அன்றிரவு தெருவிளக்குகளை அணைத்துவைக்க ஊராட்சிகளை முன்கூட்டியே அணுகவும், ஆடிக்குப் பூச்சிடும் செலவை அனுமதிக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டி, இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்