தை மாதத் தீயும் பங்குனித் தீயும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாசி பிறந்துவிட்டால் போதும், சத்தியமங்கலம், முதுமலை, மேகமலை என்று காட்டுத்தீச் செய்திகள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். அநேகமாக எல்லாச் செய்திகளுக்கும் கடைசி வரி ஒன்றுதான்: "மர்ம நபர்கள் தீ வைத்தனரா என்று வனத்துறையினர் விசாரித்து வருகின்றனர்." இந்த மர்ம நபருக்கு வாசகர் மனத்தில் ஓர் உருவம் தானாகவே வந்துவிடுகிறது. தேன் எடுக்கப் போனவர், மாடு மேய்க்கப் போனவர், மலைக்கிராமத்துக்காரர். நம் காடுகளில் பெரும்பாலான தீ மனிதக் கையால் பற்றுவதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பற்றிய தீ ஏன் இப்போதெல்லாம் அடங்க மறுக்கிறது என்று எந்தச் செய்தியும் கேட்பதில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றி.

இலையுதிர் காட்டில் தை மாதத்துச் சருகை ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். மேலே கிடப்பது மொறமொறவென்று காய்ந்திருக்கும், மண்ணை ஒட்டியது பனியில் நமுத்திருக்கும். அப்போது வைக்கும் தீ மேலடுக்கை மட்டும் எரித்து, முழங்கால் உயரத்தைத் தாண்டாமல் ஊர்ந்துபோய், இரவுப் பனியில் தானாகவே அணையும். மரப்பட்டை கருகும், மரம் சாகாது. அதே சருகைப் பங்குனியில் அள்ளினால் அடியில் இருப்பதும் விரலுக்குள் நொறுங்கும். விழுந்து கிடக்கும் கட்டைகளும் உள்வரை காய்ந்திருக்கும். அப்போது பற்றும் தீ ஆளுயரம் எழும், பொந்துள்ள மரங்களுக்குள் புகைபோக்கியில் ஏறுவதுபோல் ஏறும், இரவிலும் அணையாது. இடம் ஒன்று, சருகு ஒன்று. நடுவே இரண்டு மாதம்தான்.

இந்த வித்தியாசம் பழங்குடி மக்களுக்குப் புதிதல்ல. சத்தியமங்கலம் காட்டை ஒட்டிக் கர்நாடகப் பக்கம் இருக்கும் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் ஜனவரி, பிப்ரவரியில் வைத்துவந்த சருகுத்தீக்குத் 'தரகு பெங்கி' என்று பெயர். புதுப்புல் முளைக்க, பாதை திறக்க, கடிக்கும் உண்ணிப்பூச்சி குறைய, நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறாமல் இருக்க என்று அதற்குப் பல பயன்கள். யாரும் நினைத்த இடத்தில் நினைத்தபோது வைத்த தீ அல்ல அது. அந்தக் காடு குலவாரியாக எல்லை பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு எல்லைக்குள்ளும் தேவரு, மாரம்மா, வீரு, கல்லுகுடி, அப்பி என ஐந்து வகை இடங்கள் உண்டு: சாமி, அம்மன், ஆவி, முன்னோர் கல், ஊற்று. அந்த எல்லைக்கு எந்தக் குலம் பொறுப்பு என்பதும் எல்லாருக்கும் தெரியும். காடு கெட்டால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. இன்றைய கோப்புகளில் அந்தப் பதிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1882-ம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ மூட்டுவதைக் குற்றமாக்கியது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சரணாலயத்துக்குள் அதைத் தடை செய்தது. பிலிகிரிரங்கன் மலை 1974-ல் சரணாலயமானது, சருகுத்தீயும் அதோடு நின்றது. அங்கே ஆய்வாளர்கள் குறித்துவைத்த மாதிரித் திட்டுகளில் 1997-ல் உண்ணிச்செடி (லாண்டானா என்னும் அயல்நாட்டுப் புதர்) இருந்தவை ஏறத்தாழ 40 சதவீதம். 2008-ல் அது 80 சதவீதத்தைத் தொட்டது. தீயை நிறுத்தியதுதான் இந்த உண்ணிச்செடி பெருகியதற்கு ஒரே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கடும் கோடைத் தீயும் மரங்களைக் கொன்று, வெயிலை உள்ளே விட்டு, உண்ணிக்கு இடம் செய்து கொடுக்கிறது. ஆனால் உண்ணி வந்த பிறகு காட்டுத்தீயின் குணம் மாறிவிட்டது. புல்லும் சருகும் தரையில் எரிபவை. உண்ணி இரண்டு மூன்று மீட்டர் புதராகி, மரத்தைப் பிடித்து மேலே ஏறும் செடி. தரைத்தீ அதன் வழியே கிளைக்குப் போய்ச் சேர்கிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் சில நாள்களில் 4,000 ஹெக்டேருக்கும் மேல் எரிந்தபோது பற்றியெரிந்ததில் இந்தப் புதர்க்காட்டுக்கும் பங்குண்டு.

இதன்மேல்தான் காலநிலை மாற்றம் வந்து உட்கார்ந்திருக்கிறது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். கூடுதல் ஈரத்தைக் காற்று எங்கிருந்து எடுக்கும்? மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் சருகிலிருந்தும்தான். 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் தை மாதமே பங்குனிபோல் ஆகிவிடும். மழை கூடினாலும் நிம்மதி இல்லை: புல் செழித்து வளரும், அடுத்த வெயிலில் அதுவே எரிபொருள். ஆக, பாதுகாப்பாகத் தீ வைக்கக்கூடிய நாள்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன, அவை எப்போது வரும் என்பதும் மாறிக்கொண்டே இருக்கிறது. தலைமையிடத்திலிருந்து தேதி குறித்து வரும் சுற்றறிக்கை இதற்கு உதவாது. அன்று மாலை அந்தச் சரிவில் நின்று சருகைத் தொட்டுப் பார்ப்பவர்தான் முடிவெடுக்க முடியும்.

'எப்போது எரித்தாலும் கார்பன்தானே காற்றில் கலக்கிறது?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. புல்லும் சருகும் எரிந்து வரும் கார்பன் டைஆக்சைடைப் பெரும்பாலும் அடுத்த மழைக்காலத்துப் புல்லும் இலையும் திரும்ப இழுத்துக்கொள்ளும். திரும்ப வராதவை மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, மீத்தேன் ஏறத்தாழ 28 மடங்கும் நைட்ரஸ் ஆக்சைடு 270 மடங்கு அளவிலும் பூமியைச் சூடாக்கக்கூடியவை. தாமதமாக வரும் தீ அதிகப் பரப்பை எரிக்கிறது, ஒவ்வொரு ஏக்கரிலும் அதிக எரிபொருளைத் தின்கிறது, பருத்த கட்டைகளை நாள்கணக்கில் புகையவிடுகிறது. புகைந்து எரிவதில்தான் மீத்தேன் கூடுதல். போதாக்குறைக்கு, செத்துப்போகும் பெரிய மரம் தன்னுள் வைத்திருந்த கார்பன் மீண்டும் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

ஆஸ்திரேலியாவின் வடக்கே, மேற்கு ஆர்னெம் நிலத்தில் இந்தக் கணக்கையே ஆதாரமாக வைத்து ஒரு திட்டம் நடக்கிறது. சுமார் 28,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில் பூர்வகுடி வனக்காவலர்கள், மூத்தோர் சொல்கேட்டு, வறட்சிக் காலத்தின் தொடக்கத்திலேயே திட்டுத்திட்டாக எரித்துவிடுகிறார்கள். பிந்திவரும் பெருந்தீக்கு நீண்டு ஓட இடம் இல்லாமல் போகிறது. 2006-ல் செய்த ஒப்பந்தப்படி ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் டன் கார்பன் டைஆக்சைடுக்கு நிகரான வாயுக்களைக் குறைப்பது இலக்கு. கூலி ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். பணம் கொடுத்தது டார்வின் நகரத்து எரிவாயு ஆலை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பூமி சூடாக முதன்மைக் காரணம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு. உலகம் ஆண்டுக்கு 3,500 கோடி டன்னுக்கும் மேல் கார்பன் டைஆக்சைடை இவற்றிலிருந்து வெளியேற்றுகிறது. அந்தப் பாவத்தைச் சோளகரின் சருகுத்தீ கழுவிவிடாது, கழுவ வேண்டும் என்று அவரிடம் கேட்பதும் முறையல்ல. ஆனால் அறிவுக்குக் கூலி உண்டு என்பதை ஆர்னெம் நிலத்து மக்கள் நிலைநாட்டியிருக்கிறார்கள்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1874-லும் கலிபோர்னியாவில் 1850-லும் வந்த சட்டங்கள் பூர்வகுடிகளின் தீயை முடக்கின. கலிபோர்னியா 2021-ல் சட்டத்தைத் திருத்தி, பண்பாட்டு முறையில் தீ வைப்பவருக்கு இருந்த பொறுப்புச் சுமையைக் குறைத்தது. அதாவது, தவறு என்று ஒப்புக்கொள்ள 170 ஆண்டுகள் ஆயின.

இங்கே உடனே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். 'அப்படியானால் நாளையே கொளுத்திவிடலாம்' என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. ஐம்பது ஆண்டு எரியாமல் உண்ணி மண்டிய காட்டில் தை மாதத் தீயும் கைமீறும். முதலில் உண்ணி போக வேண்டும். வெட்டினால் போகாது, அடித்தூரிலிருந்து பத்துக் கிளை வெடிக்கும். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே, மண்ணுக்குள் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, தூரைப் பிடுங்கி வேர் மேலே பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். மண் இளகியிருக்கும் மழைக்காலத்தில், காய் பழுக்கும் முன் செய்தால் பாதி உழைப்பில் முடியும். வெட்டியதை மரத்தடியில் குவிப்பது பரவலாக நடக்கும் தவறு. கோடையில் அந்தக் குவியல்தான் மரத்தைக் கொல்லும். பாறைமேல் போட வேண்டும். பறவைகள் கிளையிலிருந்து விதையைப் போட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் நாற்றுகளைப் பிடுங்கவும், நாட்டுப்புல் விதைக்கவும் ஆள் தேவை. ஒப்பந்தக்காரர் முதல் ஆண்டுப் பட்டியலுக்குப் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டால், நான்காம் ஆண்டு உண்ணி முன்னைவிட அடர்த்தியாக நிற்கும்.

தீ வைக்கும் நாளில் பார்க்க வேண்டியவையும் உண்டு. காற்று மெல்லியதாக, ஒரே திசையில் வீச வேண்டும். காற்றே இல்லாத நாள் நல்ல நாள் அல்ல, தீ எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. மாலை மூன்று நான்கு மணிக்குமேல், ஈரம் ஏறத் தொடங்கும்போது ஆரம்பிக்க வேண்டும். சரிவின் மேல்விளிம்பில் வைத்து, காற்றுக்கு எதிராகக் கீழ்நோக்கி இறங்கவிட வேண்டும். சரிவு பத்து டிகிரி கூடினால் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 2018 மார்ச்சில் குரங்கணிப் புல்சரிவில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகாவது இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சுற்றிலும் மூன்று மீட்டர் அகலத்துக்கு மண் தெரியச் சீவ வேண்டும். பொந்து மரங்களின் அடியில் சருகைத் தள்ளிவிட வேண்டும். ஓரத்தில் நிற்கும் பட்டமரத்தை முன்பே கவனிக்க வேண்டும், கோட்டைத் தாண்டிப் பொறி வீசுவது அதுதான். நான்கைந்து ஏக்கர் எரித்தால் பக்கத்துத் திட்டை அந்த ஆண்டு விட்டுவிட வேண்டும். சுவாலை முழங்காலைத் தாண்டினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

அணைந்துவிட்டது என்று திரும்புவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். யானை லத்தி நாள்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். எரியும் மூங்கில் துண்டு சரிவில் உருண்டு, சீவிய கோட்டைத் தாண்டிக் கீழே போய்ப் புதுத்தீ வைக்கும். மறுநாள் காலை புறங்கையை அருகில் வைத்துச் சூடு பார்க்காமல் அந்த இடத்தை விடக் கூடாது. சோலைக்காடு, ஓடைக்கரை, பசுமைமாறாக் காடு ஆகியவற்றுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அங்கே மரப்பட்டை மெல்லியது, ஒரு சின்னத் தீயே போதும், மரம் போய்விடும்.

வனத்துறைக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லவில்லை. சாலையோரத் தீத்தடுப்புக் கோடுகளை அவர்களே கோடைக்கு முன் எரிக்கிறார்கள். அந்த வேலைக்குக் கூலிக்கு வருபவர்கள் பெரும்பாலும் அதே பழங்குடி இளைஞர்கள். துறை சொல்லி எரித்தால் தடுப்பு நடவடிக்கை, ஊர் கூடி எரித்தால் குற்றம். இந்த முரண்பாட்டுக்கு வழி 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பிரிவு 3(1)(i) சமூக வன வளத்தை, அதாவது ஊர் வழிவழியாகப் பயன்படுத்திவரும் காட்டை, காக்கவும் மேலாண்மை செய்யவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. விதி 4(1)(e)-ன்படி கிராம சபை அமைக்கும் குழு மேலாண்மைத் திட்டம் தயாரிக்கலாம், அது வனத்துறையின் திட்டத்தோடு இணைக்கப்பட வேண்டும். பிலிகிரிரங்கன் மலையில் 2011-ல் 25 சோளகர் கிராம சபைகள், அதுவும் புலிகள் காப்பகத்துக்குள், சமூக வன உரிமை பெற்றன. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. தடை நீங்கிய பிறகும் சமூக உரிமை மனுக்கள் நகரும் வேகம் ஊரறிந்தது. உரிமை கிடைத்த இடங்களிலாவது, எந்தத் திட்டு, எந்த ஆண்டு, யார் பொறுப்பு என்ற தீ அட்டவணையை மேலாண்மைத் திட்டத்திலேயே எழுதிச் சேர்த்து, முதலில் சில திட்டுகளில், துறையின் தீயணைப்புக் குழு அருகில் இருக்க, செய்து பார்க்கலாம்.

கடைசியாக, எண்ணிக்கை பற்றி ஒன்று. இந்திய வன அளவாய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கைகளை அனுப்புகிறது. 375 மீட்டர் கட்டத்துக்குள் வெப்பம் தெரிந்தால் ஒரு புள்ளி. அந்தக் கட்டத்தில் ஜனவரியில் முழங்கால் உயரத்தில் எரிந்ததும் ஒரு புள்ளி, ஏப்ரலில் மரங்களையே விழுங்கியதும் ஒரு புள்ளி. 'இந்த ஆண்டு இத்தனை தீ' என்று அந்தப் புள்ளிகளைக் கூட்டி வெளியிடும்வரை, எந்த அதிகாரியும் ஜனவரியில் தீக்குச்சியை எடுக்க அனுமதி தர மாட்டார். தீச்செய்தி வெளியிடும்போது எரிந்த மாதம், எரிந்த பரப்பு, மரம் செத்ததா இல்லையா என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டு எழுதும்படி உங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காட்டுச் சூழல் துறையில் பணிபுரியும் ஒரு வாசகர்