ரெக்கார்டு பீரோவில் நிற்கும் லைசென்ஸ்: தர்மபுரி, கிருஷ்ணகிரி நர்சிங் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கு வணக்கம்.

உங்களிடம் படித்து அமெரிக்கா போன நர்ஸ் தம்பதிகள் அங்கே டிராவல் நர்ஸ் வேலைக்கு மாறும்போது, பல நேரம் சிக்கல் உங்கள் அலுவலக பீரோவில்தான் தொடங்குகிறது.

டிராவல் நர்ஸ் வேலை என்பது வழக்கமாக 13 வார ஒப்பந்தம். முடிந்தால் அடுத்த மருத்துவமனை, பல சமயம் அடுத்த மாநிலம். தம்பதிக்கு ஒரே ஊரில், ஒரே தேதியில் இடம் வேண்டும். ஒருவர் லைசென்ஸ் வந்து மற்றவருடையது வராவிட்டால் இருவருமே அந்த இடத்தை விட்டுவிட வேண்டியதுதான். அங்கே நர்ஸ் லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் தனி. காம்பாக்ட் என்ற மாநிலங்களுக்கிடையிலான உடன்பாட்டில் சேர்ந்த மாநிலங்களுக்குள் மட்டும் ஒரே லைசென்ஸ் செல்லும். கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் சேரவில்லை. லைசென்ஸ் கொடுக்கும் கலிபோர்னியா நர்சிங் போர்டு, பாடவாரியாகத் தியரி எத்தனை மணி, கிளினிக்கல் (வார்டு பயிற்சி) எத்தனை மணி என்பதைக் கல்லூரியே நிரப்பி நேரடியாக அனுப்பச் சொல்கிறது. மாணவர் கையில் கொடுத்த கவர் செல்லாது.

இந்தக் கோரிக்கை படிப்பு முடிந்த மறுவருடமே வரும் என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு, நர்சுகள் அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேறப் போகும் இ.பி.-3 வேலை விசாவின் வரிசை பத்து ஆண்டுக்கும் மேல் நீளம். 2025-இல் 2013-ஆம் ஆண்டு மனுக்கள்தான் நடந்துகொண்டிருந்தன. இன்று உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் ரெக்கார்டைப் பதினைந்து வருடம் கழித்தும் கேட்பார்கள். அப்போது பழைய கிளார்க் இருக்கமாட்டார், பீரோ சாவி யாரிடம் என்றும் தெரியாது. ஊத்தங்கரையிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ வயதான அப்பா பஸ் ஏறி வந்து, "சார் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்று கேட்டுத் திரும்புகிறார்.

மணிக்கணக்கு எழுதுவதில்தான் அதிகம் தவறுகிறது. 'மெடிக்கல் சர்ஜிக்கல்' என்று மொத்தமாக ஒரு எண் போட்டால் போதாது. மெடிக்கல், சர்ஜிக்கல், மகப்பேறு, குழந்தைகள், மனநலம் ஆகிய ஐந்துக்கும் தியரி தனியாக, கிளினிக்கல் தனியாக வேண்டும். தியரி நடத்திய காலத்திலேயே அந்த வார்டு போஸ்டிங்கும் நடந்ததா என்றும் பார்ப்பார்கள். தியரி மூன்றாம் ஆண்டு, வார்டு நான்காம் ஆண்டு என்றிருந்தால் கேள்வி வரும். யார் எந்த வார்டில் எப்போது என்ற ரொட்டேஷன் பிளானில் தேதி இருந்தால் பதில் சொல்லலாம். அதைத்தான் பலர் வருடக் கடைசியில் பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறார்கள்.

கணவர் தரப்பில் பெரும்பாலும் நிற்பது மகப்பேறு. ஆண் மாணவர்களை லேபர் ரூம் வாசலோடு நிறுத்திவிட்டு, கேஸ் புக்கை மட்டும் நிரப்பச் சொல்லும் வழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. அது அந்தப் பையனுக்குச் செய்யும் அநியாயம். உள்ளே இருக்கும் தாயின் சம்மதத்தோடு, ஒரு டியூட்டர் உடனிருக்க, அவனும் உள்ளே நின்று கற்க வேண்டும். வார்டு சிஸ்டர் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். இந்த மணிகள் குறைந்தால் லைசென்ஸ் போர்டும், விசாவுக்காக நர்சின் படிப்பைச் சரிபார்க்கும் விசாஸ்கிரீனும் பாக்கியைப் படித்து முடிக்கச் சொல்லும். முப்பத்தைந்து வயதில், கையில் குழந்தையோடு, அதை எங்கே போய்ப் படிப்பது?

அடுத்தது இனிஷியல். கல்லூரிச் சான்றில் 'கா. முருகேசன்', பாஸ்போர்ட்டில் 'முருகேசன் காளியப்பன்'. மனைவிக்கோ சான்றில் அப்பாவின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். அமெரிக்க நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வின் அனுமதியில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் அப்படியே ஒத்திருக்காவிட்டால், பெங்களூரு மையம் வரை போனவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். தேர்வுக் கட்டணம் 200 டாலரும் வெளிநாட்டு மையக் கட்டணம் 150 டாலரும் போனதுதான். இறுதியாண்டிலேயே மாணவர்களை உட்காரவைத்து இனிஷியலை விரித்து எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதியும்போது அதே எழுத்து, அதே வரிசை இருக்கட்டும்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு பேட்சும் வெளியேறும் மாதத்திலேயே மணிக்கணக்குத் தாளை நிரப்பி, முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் இட்டு, ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். கல்லூரியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலை நிரந்தரமாக ஒரே முகவரியாக வைத்திருங்கள். போர்டு சரிபார்ப்புக் கடிதம் அங்கேதான் வரும். தம்பதி இருவரும் உங்கள் மாணவர்கள் என்றால் இரண்டு கவரையும் ஒரே நாளில் அனுப்புங்கள்.

அன்புடன்,
இந்த இரு மாவட்டத்து நர்சுகளின் வெளிநாட்டு உரிமத் தாள்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் சக நர்சுகள்