இரண்டாவது தெரிவை நமக்கு யார் சொல்லித்தந்தார்கள்?

ஆசிரியர் அவர்கட்கு,

இலங்கையில் 2024ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் முடிந்து, பதவியேற்பும் நடந்து, பாராளுமன்றமும் கலைந்துவிட்டது. ஆனாலும் எங்கள் ஊரில் அந்தத் தேர்தலைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. சந்தையிலும் கோயில் வீதியிலும் வாசிகசாலைத் திண்ணையிலும் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டு கேள்விகள். "பாதிக்கு மேல் எடுத்தால்தான் வெற்றி என்றார்களே, 42 வீதம் எடுத்தவர் எப்படி ஜனாதிபதியானார்?" என்பது ஒன்று. "அப்படியென்றால் சங்குக்குப் போட்ட வாக்கு வீண்தானா?" என்பது மற்றது. (சங்கு, தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேந்திரனின் சின்னம்.) கேட்பவர்களில் படித்தவர்களும் இருக்கிறார்கள், அரச உத்தியோகத்தில் இருந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது எண்ணிக்கையில் ஏதோ தில்லுமுல்லு நடந்துவிட்டது என்று நம்புகிறவர்களையும் சந்தித்தேன். நான் கணிதம் படிப்பித்தவள், வாக்கெண்ணும் நிலையங்களில் கடமை செய்தவள். அதனால் இந்தக் கணக்கை உங்கள் வாசகர்கள் முன் வைப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

செப்டெம்பர் 21 அன்று செல்லுபடியான வாக்குகள் 1 கோடி 33 இலட்சத்து 19 ஆயிரத்து 616. அதில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 56 இலட்சத்து 34 ஆயிரத்து 915, அதாவது 42.31 வீதம். சஜித் பிரேமதாசவுக்கு 43 இலட்சத்து 63 ஆயிரத்து 35, அதாவது 32.76 வீதம். ரணில் விக்கிரமசிங்க 17 வீதத்தோடு மூன்றாவது. ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை. ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் தன் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று மூன்று பேர் வரை இலக்கம் இடலாம்; 2 என்பதுதான் இரண்டாவது தெரிவு. ஒருவரும் பாதியைத் தாண்டாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் போட்டியிலிருந்து விலக்கிவிட வேண்டும். இம்முறை 38 வேட்பாளர்களில் 36 பேர் இப்படி விலக்கப்பட்டார்கள். அவர்களுக்கு விழுந்த வாக்குச்சீட்டுகளை மட்டும் திரும்ப எடுத்து, 2 என்ற இலக்கம் எஞ்சிய இருவரில் ஒருவருக்கு இடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அது அவருக்குச் சேரும். 2 வேறு யாருக்கோ போயிருந்தால் 3 யாருக்கு என்று பார்ப்பார்கள். இதுதான் இரண்டாவது எண்ணிக்கை. இதெல்லாம் முடிந்த பிறகு இருவரில் யாருக்கு அதிகமோ அவர்தான் ஜனாதிபதி. அந்த நேரத்தில் மொத்த வாக்கில் பாதியைத் தாண்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

இப்படி எண்ணியபோது அநுரவுக்கு 1 இலட்சத்து 5 ஆயிரத்து 264 வாக்குகளும் சஜித்துக்கு 1 இலட்சத்து 67 ஆயிரத்து 867 வாக்குகளும் கூடின. இறுதிக் கணக்கு 57 இலட்சத்து 40 ஆயிரத்து 179க்கு 45 இலட்சத்து 30 ஆயிரத்து 902. இரண்டாவது எண்ணிக்கையில் அதிகம் பெற்றவர் சஜித்தான் என்பதைத் தில்லுமுல்லு என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டும். முடிவு சட்டப்படி வந்த முடிவு. அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

என் கவலை வேறு. முதல் இருவருக்கும் விழுந்ததைக் கழித்தால் மீதி 33 இலட்சத்து 21 ஆயிரத்து 666 வாக்குச்சீட்டுகள். இரண்டாவது எண்ணிக்கையில் இவற்றிலிருந்து இருவருக்கும் சேர்ந்தவை மொத்தமே 2 இலட்சத்து 73 ஆயிரத்து 131. நூற்றுக்கு எட்டுத்தான்! மீதி 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளில் 2 இல்லை, 3 இல்லை, அல்லது அவையும் ஏற்கெனவே விலக்கப்பட்டவர்களுக்கே இடப்பட்டிருந்தன. முதல் எண்ணிக்கையில் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 12 இலட்சத்து 71 ஆயிரத்து 880. அதைப்போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட மக்கள், கடைசி இருவரில் நாட்டை யார் ஆள வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் பதில் சொல்லியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் வாதிக்கவில்லை. அந்தப் பதிலைச் சொல்லும் உரிமை அவர்கள் கையில் இருந்தது, அதைப் பயன்படுத்தவில்லை. அதுதான் என் மனதை உறுத்துகிறது. இன்னொன்றையும் பாருங்கள். நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 3 இலட்சத்து 300. இரண்டாவது எண்ணிக்கையில் கூடிய வாக்குகளை விட, பிழையாக இட்டுக் கழிக்கப்பட்ட வாக்குகள் அதிகம்.

ஏன் இப்படி? ஒரு காரணம், இது இதற்கு முன் நடக்காத விஷயம். 1982இல் ஜே. ஆர். ஜயவர்தன தொடங்கி 2019இல் கோட்டாபய ராஜபக்ஷ வரை எட்டுத் தேர்தல்களிலும் ஒருவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டிவிட்டார். என் முதல் வாக்கு அந்த 1982ஆம் ஆண்டுத் தேர்தலில்தான். குமார் பொன்னம்பலம் போட்டியிட்டு யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலாவதாக வந்த தேர்தல் அது. அப்போதும் இரண்டாவது தெரிவைப் பற்றி எங்கள் வீட்டிலோ ஊரிலோ யாரும் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. 2005இல் மஹிந்த ராஜபக்ஷ 50.29 வீதம் எடுத்தார். பாதிக்கு மேலே அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 28 ஆயிரம் வாக்குகள்தான். அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர் கூட வாக்களிக்கவில்லை. அன்று நடந்ததை இங்கே அலச நான் வரவில்லை. இரண்டாவது எண்ணிக்கை என்பது புத்தகத்தில் மட்டும் இருக்கும் சங்கதி அல்ல, மிகக் கிட்ட வந்து போயிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த காரணம் பயம். "2 போட்டால் 1இன் பலம் குறைந்துவிடும்" என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். இது முழுப் பிழை. உங்கள் முதல் தெரிவுக்குரியவர் முதல் இருவரில் ஒருவராக வந்துவிட்டால் உங்கள் சீட்டில் இருக்கும் 2ஐ யாரும் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். அவர் விலக்கப்பட்டால் மட்டுமே 2க்கு வேலை. அப்போதும் 1 உங்கள் வேட்பாளர் பெயரில் அப்படியே பதிவாகி இருக்கும். பா. அரியநேந்திரன் பெற்ற 2 இலட்சத்து 26 ஆயிரத்து 343 வாக்குகளும் என்றைக்கும் அவருடைய கணக்கில்தான். அவற்றில் எத்தனை சீட்டுகளில் 2 இருந்தது என்பதால் அந்தத் தொகை ஒன்று கூடக் குறையாது.

சங்குக்குப் போட்டது வீணா என்று கேட்பவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்கிறேன். வீண் இல்லை. தமிழ் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை ஒரு தொகையாகக் காட்ட அந்த 1 உதவியது. அதே சீட்டில், "எங்கள் ஆள் வரமாட்டார் என்றால், மற்ற இருவரில் இவர் பரவாயில்லை" என்று சொல்லவும் இடம் இருந்தது. கொள்கைக்கு ஒரு வாக்கு, நாளை நம்மை ஆளப்போகிறவருக்கு ஒரு வாக்கு. இரண்டும் ஒரே சீட்டில் கிடைப்பது சிறுபான்மையினருக்குப் பெரிய வசதி. பிரான்ஸில் இதற்கு இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வாக்குச்சாவடிக்குப் போக வேண்டும். நமக்கு ஒரே நாளில், ஒரே பென்சிலில் முடிகிற காரியம். கடைசி இருவருக்குமே நான் தரமாட்டேன் என்று தெரிந்துகொண்டு 2ஐ விடுபவரை நான் குறை சொல்லமாட்டேன், அதுவும் ஒரு தீர்மானம். தெரியாமல் விடுவதுதான் பரிதாபம்.

இரண்டாவது தெரிவு முடிவையே புரட்டிப்போடும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. 1990இல் அங்கே நடந்த ஜனாதிபதித் தேர்தலில் பிரையன் லெனிஹன் 44 வீதத்தோடு முன்னணியில் இருந்தார். மேரி றொபின்சன் 39 வீதத்தோடு இரண்டாவது. மூன்றாவதாக வந்தவரை விலக்கி அவருடைய சீட்டுகளைப் பிரித்தபோது பெரும்பகுதி றொபின்சனுக்குப் போனது. அந்த நாட்டின் முதல் பெண் ஜனாதிபதி அப்படித்தான் வந்தார். அங்குள்ள வாக்காளர்கள் 1, 2, 3 என்று இடப் பழகியவர்கள். நமக்கும் அதே உரிமை 1978 முதல் இருக்கிறது.

மூன்றாவது காரணம் குழப்பம். இதை நான் வாக்கெண்ணும் மேசையில் இருந்து பார்த்திருக்கிறேன். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிச் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி (X அடையாளம்), பிறகு கீழே விரும்பிய வேட்பாளர்களின் இலக்கங்கள் மீது மூன்று புள்ளடி வரை. உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே ஒரு புள்ளடி. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இலக்கம். ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பதானால் 1 இடலாம், தனிப் புள்ளடியும் இடலாம். மூன்று தேர்தலுக்கு மூன்று முறை. பழக்க தோஷத்தில் ஜனாதிபதித் தேர்தல் சீட்டில் இரண்டு மூன்று சின்னங்களுக்குப் புள்ளடி இட்டவர்கள் இருக்கிறார்கள். மூன்று பேரை மனதில் வைத்துத்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள். ஆனால் யார் முதல், யார் இரண்டாவது என்று எங்களால் சொல்ல முடியாது. சட்டப்படி அந்தச் சீட்டைக் கழிக்கத்தான் வேண்டும். வெயிலில் வரிசையில் நின்று, விரலில் மை பூசிக்கொண்டு போன ஒருவருடைய தீர்மானம் அது என்று தெரிந்தே அதை நிராகரிக்கப்பட்ட கட்டில் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று கூட இருந்த அலுவலர்களுக்குத் தெரியும்.

இம்முறை யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 25 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. நாடு முழுவதும் நூற்றுக்கு இரண்டு என்றால் இங்கே நூற்றுக்கு ஆறு. இந்த மாவட்டத்தில் சஜித்துக்கும் அரியநேந்திரனுக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஐயாயிரத்துக்கும் குறைவு! கோபத்தில் வேண்டுமென்றே பழுதாக்கியவர்களும் இதில் இருப்பார்கள். ஆனால் கல்வியில் முன்னணி என்று நாம் பெருமை பேசுகிற மாவட்டத்தில் இத்தனை வாக்கு கழிவதைக் கோபம் என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது.

எங்கள் பகுதிக்கு வந்த பிரசாரங்களில் சின்னத்தை நினைவில் வைக்கச் சொன்னார்கள், எதிராளியைத் திட்டினார்கள், வரலாறு சொன்னார்கள். 1, 2, 3 எப்படி இடுவது என்று ஒரு மாதிரிச் சீட்டை விரித்துக் காட்டியவர்களை நான் காணவில்லை. தங்கள் வேட்பாளர் மூன்றாவதாக வரக்கூடும் என்று வாயால் சொல்லக் கட்சிக்காரர்களுக்கு மனம் வராது, அது எனக்கு விளங்குகிறது. அதனால்தான் இந்த வேலையைக் கட்சிகளிடம் விடக்கூடாது. பாடசாலை, சனசமூக நிலையம், மாதர் சங்கம், பத்திரிகை ஆகியவைதான் செய்ய வேண்டும். பாடசாலையில் குடியியல் பாடத்தில் அரசியலமைப்பு பற்றிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரு வகுப்பில் மாதிரித் தேர்தல் வைத்து, யாரும் பாதியைத் தாண்டாதபடி ஐந்து வேட்பாளர்களை நிறுத்தி, சீட்டுகளைப் பிள்ளைகளையே திரும்ப எண்ண வைத்தால் ஒரே பாடவேளையில் விளங்கிவிடும். வீட்டில் அப்பம்மாவுக்கு அந்தப் பிள்ளையே சொல்லிக்கொடுக்கும்.

சரி, இப்போது அவசரமான ஒரு விஷயம். 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இடலாம் எனக் காலம் கடந்து தெரிந்துகொண்டவர்கள், இப்போது அதையே பாராளுமன்றச் சீட்டிலும் இடப்போகிறோம் என்று என்னிடமே சொல்கிறார்கள். ஐயோ, அது வேண்டாம். இந்தத் தேர்தலில் புள்ளடிதான். முதலில் ஒரே ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி. அதன் பிறகுதான், விரும்பினால், அதே அணியின் வேட்பாளர் இலக்கங்களில் ஒன்று முதல் மூன்று வரை புள்ளடி. கட்சிக்குப் புள்ளடி இடாமல் இலக்கங்களுக்கு மட்டும் இடுவதும், ஒரு கட்சியைத் தெரிந்துவிட்டு இன்னொரு கட்சிக்கும் புள்ளடி இடுவதும் வாக்கைப் பழுதாக்கிவிடும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை. தேர்தலுக்கு முந்திய வாரம் முழுவதும் முதல் பக்கத்தில் ஒரு மாதிரி வாக்குச்சீட்டை, கற்பனைச் சின்னங்களோடு, சரியாக இட்டது ஒன்று, நிராகரிக்கப்படுவது ஒன்று எனப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். கட்சி விளம்பரங்களுக்கு நடுவே அது தொலைந்துபோகாமல் மேலே போடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். வாசிகசாலையில் ஒரு பத்திரிகையை இருபது பேர் பார்க்கிறார்கள், அதில் பாதிப் பேர் கண்ணாடி கொண்டுவருவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
வடமராட்சி.